குன்றும் யாமமும்

குறிஞ்சிக்கு நிலம் மலையும் மலைசார்ந்த இடமும், பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். தமிழ் பயிலும் மாணவர் மனப்பாடமாக ஒப்பிக்கும் செய்தி இது. ஆயினும் இம்மூன்றனுள் யாமம் என்னும் சொல்லை நின்று நோக்குவார் சிலரே. யாமமாவது நள்ளிரவு. குறிஞ்சிக்குரிய பொழுது நள்ளிரவு எனின், பகலில் மலையேறி மாலையில் இறங்கிவிடுவோர் மலையைக் கண்டவரேயன்றிக் குறிஞ்சியைக் கண்டவர் ஆகார். சாரலில் ஓரிரவேனும் தங்கியவர்க்கே அத்திணையின் முதற்பொருள் முழுதும் புலனாகும்.

சிங்கப்பூரில், அதிலும் ஜூரோங் வட்டாரத்தில், ஐந்திணையை விளக்கப் புகும் தமிழாசிரியர்க்கு இது வெறும் இலக்கண நுட்பம் அன்று; வகுப்பில் நேரே எதிர்ப்படும் இடர். அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குச் சாரல், சுனை, பரண், புனம் என்பன அகராதிச் சொற்களாகவே நின்றுவிடுகின்றன. பொருளைக் காணாது சொல்லை மட்டும் கற்கும் மாணவர் தேர்வு முடிந்ததும் அச்சொல்லையும் கைவிடுவர். ஆகவே மலைச்சாரலில் தங்கும் வழக்கம் இன்று எங்கு, எவ்வாறு நிகழ்கின்றது, பண்டைத் தமிழர் அதனை எங்ஙனம் அறிந்திருந்தனர், ஜூரோங்கில் அதற்கு இடம் உண்டா என்னும் மூன்றையும் முறையே காண்பது பயன் தரும்.

வேல்ஸ் நாட்டுச் சாரல்

மலையில் இரவு தங்குவதைப் பொதுமக்கள் எல்லார்க்கும் எளிதாக்கிய நாடுகளுள் வேல்ஸ் ஒன்று. பிரிட்டனின் மேற்கே உள்ள இந்நாடு பெரும்பாலும் மலைப்பாங்கானது. அதன் வடமேற்கில் 1951-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்ட ஸ்னோடோனியாவில் 1,085 மீட்டர் உயரமுள்ள ஸ்னோடன் சிகரம் நிற்கின்றது. அவ்வுயர்ந்த பகுதியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேலும் மழை பெய்யும். அத்தகைய மழைநாட்டுச் சாரல்களிலும் புல்வெளிகளைப் படிபடியாகத் திருத்தி, கேரவன் எனப்படும் வண்டிவீடுகள் வந்து நிற்பதற்கு இடம் செய்துள்ளனர். மோட்டார்காரின் பின்னே பூட்டி இழுத்துவரும் அவ்வண்டிக்குள் படுக்கை, அடுப்பு, மேசை, தண்ணீர்த்தொட்டி யாவும் சிற்றளவில் அமைந்திருக்கும். ஒரு குடும்பம் சில நாளோ சில வாரமோ அங்குத் தங்கிச் செல்லும்.

இன்பப் பயணத்திற்கென வண்டிவீடு செய்வித்துக்கொண்டவருள் முன்னோடியாகக் கருதப்படுபவர் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர். கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அவர், 1885-இல் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலை ஒன்றில் குதிரை பூட்டும் வண்டி ஒன்றைச் செய்வித்து, தென்னிங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை பயணம் செய்தார். 1907-இல் கேரவன் பயணிகளுக்கெனச் சங்கமே தோன்றிவிட்டது. மோட்டார்கார் பெருகியபின் வண்டிகளும் பெருகின. அவை கண்ட இடமெல்லாம் நிற்பதைத் தடுக்கும் பொருட்டு 1960-இல் பிரிட்டனில் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன்படி கேரவன் இடம் நடத்துவோர் உரிமம் பெறல் வேண்டும். ஏற்பளிக்கப்பட்ட சங்கம் சான்றளித்தால், உழவர் தம் வயலில் ஐந்து வண்டிகள் வரை உரிமமின்றியே நிற்க விடலாம். ஆதலால் மலையடிவாரத்து ஆட்டுப்பண்ணைகள் பலவும் விருந்தினர்க்கு இடம் தருவனவாயின.

சாரலில் வண்டியை நிறுத்துவதற்கு முதலில் வேண்டுவது சமநிலம். வண்டி ஒருபுறம் சாய்ந்து நின்றால் கதவு சரியாக மூடாது, கழுநீர் வடியாது, எரிவாயுவால் இயங்கும் குளிர்பெட்டியும் செவ்வனே இயங்காது. ஆகவே தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தின் கீழ் ஆப்புப்பலகை கொடுத்து உயர்த்தி, உருளாதபடி முட்டுக்கொடுத்து, நான்கு மூலைக் கால்களையும் இறக்குவர். அடுத்து வேண்டுவது நல்ல நீர் எடுக்கவும் கழிவுநீர் கொட்டவும் தனித்தனி இடம். மூன்றாவது இடைவெளி, தீப்பற்றினால் ஒன்றிலிருந்து ஒன்றிற்குப் பரவாதவாறு வண்டிகளுக்கிடையே ஆறு மீட்டர் விடுதல் வழக்கம். நான்காவது, சேறுபட்டாலும் சக்கரம் புதையாத வழி. இவை நான்கும் அமைந்தபின் எஞ்சுவது இரவு ஒன்றே. தகரக் கூரையில் மழைத்துளி விழும் ஓசை, இருளில் ஆட்டின் கத்தல், பள்ளத்தாக்கில் ஓடும் நீரின் இரைச்சல், உடலை நடுக்கும் குளிர் ஆகியவற்றுக்காகவே மக்கள் தம் வசதியான வீட்டை விட்டு அங்கே செல்கின்றனர்.

இவ்வழக்கம் வேல்ஸ் மக்களுக்கு முற்றிலும் புதியது அன்று. அவர்தம் மொழியில் ‘ஹாவோட்’, ‘ஹென்ட்ரெ’ என இரு சொற்கள் உள்ளன. ‘ஹாவ்’ என்பது கோடை. ‘போட்’ என்பது உறைவிடம். ஆகவே ஹாவோட் என்பது கோடையில் மந்தையுடன் மேட்டுநிலம் ஏறித் தங்கும் குடில். ஹென்ட்ரெ என்பது ‘பழமனை’, அதாவது பள்ளத்தாக்கில் உள்ள நிலையான வீடு. மே மாதத் தொடக்கத்தில் மேலேறி, அக்டோபர் முடிவில் கீழிறங்குதல் முறை. அவ்வழக்கம் மறைந்து நெடுங்காலம் ஆயினும் ஊர்ப்பெயர்களிலும் பண்ணைப்பெயர்களிலும் அச்சொற்கள் இன்றும் வாழ்கின்றன. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வேல்ஸ் மக்களுள் நூற்றுக்கு 18 பேருக்குச் சற்றுக் குறைவானவரே தம் தாய்மொழியைப் பேசவல்லார். அம்மொழி நிலத்தின் பெயர்களில் வேரூன்றி நிற்பது அதற்கு ஒரு வலிமை. சிறுபான்மையாய் வாழும் தமிழர்க்கு இது கருதத்தக்க செய்தி.

உமணர் சகடமும் புனத்துப் பரணும்

கேரவன் என்னும் சொல் பாரசீக மொழியின் ‘கார்வான்’ என்பதன் திரிபு. பாலைவழியில் கூட்டமாகச் செல்லும் வணிகர் திரளையே அது முதலில் குறித்தது. பின்னரே வண்டியைக் குறிக்கலாயிற்று. இதற்கு நேரான பழந்தமிழ் வழக்கு சாத்து என்பது. வடமொழிச் ‘சார்த்த’ என்பதினின்று வந்தது இச்சொல் என்பர். சிலப்பதிகாரத்துக் கோவலனின் தந்தை மாசாத்துவான் என்பதை மாணவர் அறிவர். அவன் பெயரிலேயே பெரிய சாத்தின் தலைவன் என்னும் பொருள் அடங்கியிருத்தலை ஆசிரியர் எடுத்துக்காட்டினால், பெயர் ஒன்று வாழ்க்கைமுறை ஒன்றைக் காட்டுவதை அவர்கள் உணர்வர்.

சாத்து மட்டுமன்று, வண்டியையே வீடாகக் கொண்ட குடும்பமும் சங்க இலக்கியத்தில் உண்டு. தொண்டைமான் இளந்திரையன்மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, உப்பு விற்கும் உமணரின் வண்டியை உறுப்பு உறுப்பாகக் காட்டுகின்றது. ஆரைப்புல்லால் வேயப்பட்ட கூரையுடன் செல்லும் அச்சகடத்திற்கு, மழைமேகத்தைச் சுமந்து நிற்கும் குன்றினைப் புலவர் உவமை கூறுகின்றார். அதில் கோழிகள் தங்கும் கூடு உண்டு. அதற்கு உவமை, யானையை ஓட்டுவதற்காகப் புனத்தில் அமைத்த காவலர் குடில். சிறிய உரல் ஒன்று தொங்குகின்றது. காடி வைத்த கலம் கயிற்றால் பிணிக்கப்பட்டுள்ளது. குழந்தையுடைய பெண் எருதுகளை ஓட்டுகின்றாள். கோழி, உரல், ஊறுகாய், குழந்தை ஆகிய நான்கும் இருந்தால் அது வண்டி அன்று, வீடு. நெய்தல் நிலத்து உப்பை ஏற்றிய அவ்வண்டிக்குப் புலவர் தேடிய உவமைகள் குன்றும் குன்றத்துக் குடிலுமாக அமைந்தமை இன்புறத்தக்கது.

அக்காவற்குடிலே தமிழர் மலைச்சாரலில் அமைத்த தற்காலிக உறைவிடம். இதணம், பரண், கழுது என்னும் பெயர்கள் அதற்கு உண்டு. தினை விளையும் பருவத்தில் மட்டும் அதில் தங்குவர். கதிர் கொய்ததும் இறங்கிவிடுவர். வேல்ஸ் நாட்டு ஹாவோட் போன்றே இதுவும் பருவத்துக்கு உரியது. அங்கே மந்தைக்காக ஏறினர். இங்கே கதிருக்காக ஏறினர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவி பரண்மீது இருந்து தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளால் கிளிகளை ஓட்டுகின்றாள். பகலில் அவள் அங்கு. இரவில் யானைக்குக் காவலாக ஆடவர் அங்கு. அவ்விரவில்தான் இரவுக்குறி என்னும் துறையும் தோன்றுகின்றது. தலைவன் வரும் வழியில் உள்ள புலியையும் கரடியையும் பாம்பையும் எண்ணித் தலைவி நடுங்குகின்றாளே, அந்நடுக்கம் மின்விளக்கு எரியும் தெருவில் நடப்பவர்க்கு விளங்குவது அரிது.

மலைப்பயணிக்கு வழிகாட்டும் நூலும் தமிழில் உண்டு. நன்னன்மீது பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. பரிசில் பெற்ற கூத்தன், பெறப்போகும் கூத்தனுக்குச் சொல்லும் அறிவுரையாக அது அமைந்துள்ளது. பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு, பார்த்து நடக்க என்கின்றான். பரண்மீது உள்ளோர் யானையை நோக்கி எறியும் கவண்கல் பாய்ந்து வரும், மரத்தின் மறைவில் ஒதுங்குக என்கின்றான். வழுக்கும் பாறையில் கொடிகளைப் பற்றிக்கொள்ளச் சொல்கின்றான். இருட்டிவிட்டால் சொந்த வீட்டில் நுழைவதுபோல் அச்சமின்றிக் கற்குகையில் தங்குமாறும், விடியற்காலையில் எழுந்து வழிநடக்குமாறும் கூறுகின்றான். மலைச்சிற்றூரில் உற்றாரின் வீட்டுக்குச் செல்வதுபோல் உரிமையுடன் செல்லலாம், ஊனும் தினைச்சோறும் கிடைக்கும் என்கின்றான். வழி, இடர், உறைவிடம், உணவு என இன்றைய பயணக் கையேடு கூறும் அனைத்தும் இதில் அடங்கியுள்ளன. ஒரு வேற்றுமை உண்டு: வேல்ஸ் நாட்டு உழவர் இடத்திற்கு வாடகை பெறுவர்; நன்னனின் மலைமக்கள் அதனைக் கேட்டிலர்.

இற்றை நாளில் பழைய சேரநாட்டு மலையிலும் வண்டிவீடுகள் தோன்றியுள்ளன. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. அம்மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா 2022-இல், இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில், மேற்குத்தொடர்ச்சி மலையின்மேல் திறக்கப்பட்டது. கபிலர் பாடிய குறிஞ்சி நிலமும் கேரவனும் அங்கே ஒன்றாயின.

ஜூரோங்கின் குன்று

இனி ஜூரோங்கை நோக்குவோம். 1960-ஆம் ஆண்டளவில் அது சதுப்புநிலமும் தாழ்ந்த குன்றுகளும் தோட்டங்களும் நிறைந்த பகுதி. 1961-இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அதன் பெருந்திட்டமாக ஜூரோங் தொழிற்பேட்டை அமைந்தது. குன்றுகளை வெட்டி அம்மண்ணைச் சதுப்பில் நிரப்பியே தொழிற்சாலைக்கு நிலம் ஆக்கினர். திணைவழக்கில் சொன்னால், குறிஞ்சியைக் கொண்டு நெய்தலைத் தூர்த்து மருதத்துக்கும் அப்பாற்பட்ட நகரம் ஒன்றை எழுப்பினர். இதனைக் குறையாகக் கூறுதல் பொருந்தாது. அத்தொழிற்சாலைகள் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. தமிழ்க் குடும்பங்களும் அவற்றுள் அடங்கும். ஆயினும் ஆக்கத்திற்குக் கொடுத்த விலை குன்று என்பதை மறத்தல் ஆகாது.

வெட்டப்படாமல் நின்ற குன்றுகளுள் ஒன்று ஜூரோங் குன்று. புக்கிட் பெரோப்போக் என்பது அதன் பழைய பெயர். அதன் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். அதன்மேல் சுற்றுப்புறத்தை நோக்கும் கோபுரம் ஒன்று எழுந்தது. 1969 முதல் வெளிநாட்டுத் தலைவர்கள் அங்கு மரம் நடுவது வழக்கமாயிற்று. 1972-இல் எலிசபெத் அரசியாரும் 1978-இல் சீனத்தின் டெங் சியோபிங்கும் அங்கு மரம் நட்டனர். அக்குன்றின் மேலைச்சரிவில் 20 ஹெக்டேர் பரப்பில் ஜூரோங் பறவைப் பூங்கா 1971 சனவரி 3-ஆம் நாள் திறக்கப்பட்டது. தினைக்கதிரைக் கவர வந்த கிளியைக் குறிஞ்சிப் பெண் குன்றினின்றும் ஓட்டினாள். ஜூரோங் மக்களோ உலகத்துக் கிளிகளை எல்லாம் குன்றிற்கு அழைத்துவந்து குடியேற்றினர். 30 மீட்டர் உயரத்தினின்று விழும் அருவியையும் கையால் அமைத்தனர். அப்பூங்கா 2023 சனவரி 3-ஆம் நாள் மூடப்பட்டது. பறவைகள் மண்டாயில் அவ்வாண்டு மே மாதம் திறக்கப்பட்ட புதிய பூங்காவிற்குச் சென்றன.

அரை நூற்றாண்டு ஜூரோங் பிள்ளைகள் குன்று, அருவி, கிளி ஆகிய மூன்றையும் ஓரிடத்தில் கண்டனர். குறிஞ்சியின் கருப்பொருள் சில அவர்தம் கண்முன் இருந்தன. ஆனால் அவர்கள் கண்டது பகலில். பெரும்பொழுதும் அவர்க்குக் கிட்டவில்லை. ஏனெனில் ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பர். அக்கணக்கின்படி 60 மீட்டர் உயரத்தில் குறைவது அரைப் பாகைகூட இல்லை. வாகமண்ணின் 1,100 மீட்டர் உயரத்திலோ ஏழு பாகை குறையும். கூதிரும் முன்பனியும் ஜூரோங் குன்றிற்கு வாரா. சிங்கப்பூரின் மிக உயர்ந்த புக்கிட் தீமாவும் 164 மீட்டர்க்கு மேற்பட்டதன்று. அங்குள்ள இயற்கை வனத்தில் மாலை ஏழு மணிக்குமேல் இருத்தற்கு இசைவு இல்லை. தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி பெற்றுக் கூடாரம் அடிக்கத்தக்க ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் முதலிய இடங்கள் கடற்கரையில் உள்ளன. ஆகவே குன்றும் யாமமும் ஒருங்கு கூடும் இடம் மாணவர்க்கு எளிதிற் கிட்டுவதன்று.

ஓரிரவின் பயன்

இங்கே வேல்ஸ் நாடு மீண்டும் தொடர்புபடுகின்றது. அந்நாட்டுக் கடற்கரை ஊராகிய அபர்டோவியில் 1941-இல் கர்ட் ஹான் என்னும் கல்வியாளரும் லாரன்ஸ் ஹோல்ட் என்னும் கப்பல் உரிமையாளரும் சேர்ந்து ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளியைத் தொடங்கினர். கடலிலும் மலையிலும் வெட்டவெளியிலும் தங்கி இடர்களை எதிர்கொள்வதே இளையோர்க்கு நல்ல கல்வி என்பது அதன் கொள்கை. ஜூரோங் தொழிற்பேட்டையின் தந்தை எனப்படும் டாக்டர் கோ கெங் சுவீயே அப்பள்ளியை 1967-இல் சிங்கப்பூரின் உபின் தீவிற்கும் கொணர்ந்தார். குன்றுகளைத் தொழிலுக்குக் கொடுத்த அதே தலைமுறை, இளையோர்க்கு வெட்டவெளி வேண்டும் என்பதையும் உணர்ந்திருந்தது. 2016-இல் அறிவிக்கப்பட்ட வெளிப்புறக் கல்வித் திட்டத்தின்படி, உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவர் அங்கு ஐந்து நாள் பயிற்சி பெறுகின்றனர். ஜூரோங் மாணவரும் அதில் அடங்குவர்.

உபின் தீவு குறிஞ்சி ஆகுமா என ஐயுறலாம். கடல் சூழ்ந்த அது நெய்தலே. ஆயினும் இவ்வையத்திற்குத் தொல்காப்பியத்திலேயே விடை உண்டு. ஒரு திணைக்குரிய பொருள் பிறிதொரு திணையில் வந்து மயங்குதலை ஆசிரியர் விலக்கவில்லை. நிலம் இரண்டு ஒருங்கு மயங்குதலையே விலக்கினார். காலம் மயங்கும் என்பது உரையாசிரியர் கொள்கை. ஆகவே நெய்தல் நிலத்தில் யாமம் வந்து பொருந்துதல் இலக்கணத்திற்கு மாறன்று. குன்று கிட்டாவிடினும் யாமம் கிட்டுகின்றது. பொழுது ஒன்றை நேரே அறிந்தவர்க்கு நிலத்தைப் படத்திலேனும் காட்டிவிடலாம். பொழுதைப் படத்தில் காட்டுவது இயலாது.

எனவே ஆசிரியர் செய்யத்தக்கது பெரிதொன்றும் இல்லை. அப்பயிற்சிக்குச் செல்லும் முன்னர்க் குறிஞ்சிப் பாடல் ஒன்றைப் படிப்பித்து, இரவில் கேட்டறிய வேண்டியவற்றைச் சொல்லியனுப்பலாம். விளக்கணைந்தபின் முதலில் கேட்ட ஒலி எது? காற்று எத்திசையினின்று வீசியது, எப்பொழுது திசை மாறியது? இருட்டில் நடந்தபோது கால் எதற்கு அஞ்சியது? திரும்பி வந்ததும் அவற்றுக்கு விடையைத் தமிழில் எழுதச் செய்யலாம். சொல் போதாமல் மாணவர் தடுமாறும் இடத்தில் இமிழ்தல், துவலை, அதர், பானாள் முதலிய சொற்களை ஆசிரியர் எடுத்துக் கொடுத்தால், அவை தேர்வுக்கு உரிய சொற்களாக அல்லாமல் அவர்க்கே தேவைப்பட்ட சொற்களாகும். விடுமுறையில் ஏற்காடு, கொல்லிமலை, கொடைக்கானல் முதலிய இடங்களுக்குச் செல்லும் குடும்பங்களும், நகரத்து விடுதிக்கு அன்றே திரும்பாமல் மலையில் ஓரிரவு தங்கினால், கூதிரும் யாமமும் பிள்ளைகளுக்கு ஒருசேரக் கிட்டும்.

ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழை அறிவித்தற்பொருட்டுக் கபிலர் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்பது மரபு. தமிழ் அறியாதவனுக்குத் தமிழை விளக்க அப்பெரும்புலவர் தேர்ந்தெடுத்தது குறிஞ்சி என்பதைத் தமிழாசிரியர் நினைவிற் கொள்ளவேண்டும். ஜூரோங் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளை பிரகதத்தன்போல் அயலவன் அல்லன்; வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தவன். அவனுக்கு இல்லாதது குன்றத்து இரவு ஒன்றே. அவன் உபினில் கூடாரத்தின் கீழ்க் கண்விழித்துப் படுத்திருந்த நாழிகை எதுவோ, அதுவே யாமம். திரும்பி வந்த பிள்ளையிடம் அதனைச் சொன்னால் போதும். குறிஞ்சிப் பாடத்தின் முதல் வரி அவனுக்கு விளங்கிவிடும்.